நிக்காமப் போனது பஸ்தான், கயல்

என் கயலுக்கு,

உன் பாட்டு வெளியாகிவிட்டது. வெளியானது மட்டுமில்லை, ரேடியோவில் காலையிலும் மாலையிலும் விடாமல் ஓடுகிறது. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கேட்கிறது, ஆலங்குடி பேக்கரியில் கேட்கிறது, கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போதுகூடப் போடுகிறார்கள். நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்திருப்பாய்.

நான் குதிக்கவில்லை கயல். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நாலு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

புதுக்கோட்டையில் ஒரே கல்லூரியில் படித்தோம். நீ கிடார் வாசித்துப் பாடுவாய், நான் டிரம்ஸ், கட்டுமாவடி ஸ்டீபன் பேஸ் கிடார். உன் வீட்டுக்குச் சாப்பிட வந்து வந்தே உன் அண்ணனைக் கட்டிக்கொண்டேன். என்னை மதினி என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் நீ சண்டை மட்டும் பழையபடியேதான் போட்டாய்.

அன்றைக்கு நம் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். பூக்கூடைகளோடு சில பெண்கள், கிடார் பையோடு நீ, பக்கத்தில் நான். டவுன் பஸ் வந்தது. கை காட்டினோம். டிரைவர் எங்களைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். "பொம்பளைங்க மட்டும் நின்னா இப்படித்தான் போவாரு" என்றார் பூக்கூடை வைத்திருந்த அக்கா. நீ கிடார் பையை என்மேல் போட்டுவிட்டு பஸ்ஸின் பின்னால் ஓடினாய். செருப்பு அறுந்து ஒற்றைக்காலில் நின்றபடி, "ஏ, நானென்ன கண்ணுக்குத் தெரியாத ஆளா?" என்று கத்தினாய். அந்த அக்காக்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அறுந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போதே பாடிக்கொண்டு வந்தாய்.

*நிக்காமப் போறியே, நிக்காமப் போறியே,*
*கையக் காட்டியும் பாக்காமப் போறியே,*
*நானென்ன கண்ணுக்குத் தெரியாத ஆளா?*

இரண்டாவது சரணத்தில், "பின்னால எடமிருக்கு எனக்குத் தெரியும்யா, படியில காலு வைக்க வழிய விடுய்யா" என்று வரும். பாட்டு பஸ் ஹாரனில்தான் தொடங்கவேண்டும் என்று ஸ்டீபன் பிடிவாதம் பிடித்தான். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் போனை நீட்டிக்கொண்டு நின்று அவனே பதிவு செய்து வந்தான். திருச்சி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தவர் உன்னிடம், "கொஞ்சம் சாஃப்டா பாடும்மா, ரேடியோவுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். "கோவத்த எப்படிண்ணே சாஃப்டா பாடுறது?" என்று கேட்டாய்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்கு டெங்கு வந்தது. ரத்தம் வேண்டும் என்றதும் முதலில் ஓடி வந்து கையை நீட்டியவன் ஸ்டீபன். யார் யாரோ கொடுத்தார்கள், உடம்பு ஏற்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது ஒரு கொசு, கயல். காரணம் அவ்வளவு அற்பமானது என்பதையே என்னால் இன்னும் தாங்கமுடியவில்லை.

பாட்டைச் சென்னையில் ஒரு சின்ன இசை நிறுவனத்துக்கு ஸ்டீபன் அனுப்பி வைத்தான். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, ஒப்பந்தத்தில் எங்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். விளம்பரம் பார்க்கிறவர் போன் செய்து உன்னைப் பற்றி விசாரித்தார். எல்லாம் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன். "அப்படிங்களா, அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டார்.

நானும், எனக்கு அத்தையாகிவிட்ட உன் அம்மாவும் கொல்லையில் மல்லிகை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவை கேட்டோம். அத்தை இடுப்பில் செருகியிருந்த போனில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தொகுப்பாளினி குரலைத் தாழ்த்திப் பேசினாள்: "தன்ன விட்டுப் போன காதலனுக்காக ஒரே ஒரு பாட்டு பாடிட்டு, இந்த உலகத்த விட்டே போயிட்டாங்க கயல்விழி."

அத்தையின் கை செடியிலேயே நின்றுவிட்டது. "யாரச் சொல்லுறாக வசந்தி? நம்ம கயலயா?"

பாட்டு ஆரம்பித்தது. ஹாரன் இல்லை. அந்த இடத்தில் மழை பெய்கிற சத்தத்தைப் போட்டிருந்தார்கள். என் டிரம்ஸை அமுக்கி வயலினை ஏற்றியிருந்தார்கள். இரண்டாவது சரணம் முழுசாகக் காணோம். படி போனது, பின்னால் இருந்த இடம் போனது, பஸ்ஸே போய்விட்டது. மிச்சமிருந்தது போகிற ஒருவனைப் பார்த்து ஏங்குகிற ஒரு பெண். அது நீ இல்லை.

ஒரு பெண் கோபப்பட்டால் அதற்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தே ஆகவேண்டுமா? வெயிலில் நிற்க வைத்ததற்காக அவளுக்குக் கோபம் வரக்கூடாதா?

அடுத்த நாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. துக்கம் கேட்பதுபோல உட்கார்ந்து, எழுந்து போகும்போது, "அவன் யாராம்?" என்று கேட்டார்கள். இல்லாத ஒருவனைத் தேடினார்கள். கிடைக்காததால் இருக்கிற ஒருவனைப் பிடித்தார்கள். உன் பெரியப்பா மகன்கள் அறந்தாங்கியில் ஸ்டீபனின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறார்கள். "எங்க வீட்டுப் பொண்ணு சாவுக்கு நீதானடா காரணம்?" என்று சட்டையைப் பிடித்து அடித்திருக்கிறார்கள். கண்ணாடி ஷோகேஸை உடைத்திருக்கிறார்கள். உனக்கு ரத்தம் கொடுத்தவன் உதட்டில் ரத்தத்தோடு கடையைப் பூட்டிவிட்டுக் கட்டுமாவடிக்குப் போய்விட்டான். நான் போன் செய்தபோது, "விடு வசந்தி, அவுங்களும் வருத்தத்துலதான அடிச்சாங்க" என்றான். எனக்கு அவன் மீதும் கோபம் வந்தது.

விளம்பரக்காரரைக் கூப்பிட்டேன்.

"மேடம், பஸ் நிக்கலன்னு ஒரு பாட்டு வந்தா யாரு கேப்பா? இப்ப பாருங்க, ஜனங்க அழுறாங்க."

"அவ யாரையும் அழச் சொல்லிப் பாடல சார்."

"இறந்து போனவங்களுக்கு இதுல என்ன மேடம் கஷ்டம்?"

போனை வைத்த பிறகு, அடுப்படியில் நின்று அரிசி களையும்போது, துணி காயப்போடும்போது, பதில் பதிலாக வந்தது. உன் அண்ணன், "பாட்டு ஊரெல்லாம் கேக்குது, இதக் கெளறணுமா?" என்று முதலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீபனைப் போய்ப் பார்த்து வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதே ரேடியோவிலிருந்து நேரலைக்குக் கூப்பிட்டார்கள். கயலின் குடும்பத்தோடு ஒரு மணிநேரமாம். அத்தை, "நானும் வாரேன்" என்று சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பூ மார்க்கெட்டுக்குப் போவதைத் தவிர ஊரைவிட்டு அதிகம் போகாதவர், திருச்சிவரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

அன்றைக்குப் பேசிய அதே தொகுப்பாளினிதான். சின்னப் பெண், கயல். உன் வயதுதான் இருக்கும். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அந்த நிக்காமப் போனவர் யாருன்னு ஒங்களுக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாம என்ன? டவுன் பஸ்ஸு."

அவள் சிரித்துவிட்டாள். அத்தை கையை இழுத்துக்கொண்டார்.

"சிரிக்காத தாயி. எம்மவ பஸ்ஸத்தான் வைஞ்சு பாடுனா. காச்ச வந்து செத்தா. அவ யாரையாச்சும் விரும்பியிருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பா, நான் கட்டி வச்சிருப்பேன். அப்படி ஒருத்தனும் இல்ல. நீங்க பேசுன பேச்சுக்கு, அவளுக்கு ரத்தம் குடுத்த புள்ளயப் போட்டு அடிச்சிருக்காக. அவன்கிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது? நீ கேப்பியா?"

சட்டென்று விளம்பரம் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண், "கம்பெனியிலருந்து எங்களுக்கு இப்படித்தாங்க எழுதி அனுப்புனாங்க" என்றாள். அவளைத் திட்ட நிறைய வைத்திருந்தேன், திட்டவில்லை. என் போனிலிருந்த முழுப் பாட்டை நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அவரைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், போனை வாங்கி ஒயரைச் செருகினாள்.

ஹாரன் அடித்தது, கயல். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு ஹாரன், ஜில்லா முழுக்கக் கேட்கும்படி அடித்தது. பின்னாலேயே என் டிரம்ஸ், அதன்மேல் உன் குரல். அழுகை இல்லாத உன் குரல். அத்தை மேஜையில் விரலால் தாளம் போட்டார். அதுவரை அவர் உன் பாட்டுக்குத் தாளம் போட்டு நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் நேரலையிலேயே ஸ்டீபனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு போன்கள் வந்தன. திருமயம் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர், "எங்க ஸ்டாப்புலயும் நிக்கிறதே இல்லைங்க, என் கிளாஸ் பொண்ணுங்க தினமும் லேட்டா வர்றாங்க" என்றார். நெஞ்சுவலி வந்த மாமியாரை வைத்துக்கொண்டு கை காட்டியும் பஸ் போய்விட்டதாக ஒருத்தி சொன்னாள். காதலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த நிறுவனம் மழைப் பாட்டை இன்னும் நீக்கவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டி என்னை மிரட்டுகிறது. பாதி இடங்களில் அதுதான் ஓடுகிறது. போன வாரம் விலக்கில் நின்றேன். டவுன் பஸ் உன் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் தலையை வேறு ஆட்டிக்கொண்டு போனார்! எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்.

ஸ்டீபன் கடையைத் திறந்துவிட்டான். உன் பெரியப்பா மகன்களில் சின்னவன் அங்கே போய் நின்றிருக்கிறான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லையாம். "டிஸ்பிளே போயிருச்சு, பாக்க முடியுமா?" என்று போனை நீட்டியிருக்கிறான். ஸ்டீபன் வாங்கி வைத்துக்கொண்டானாம். நானாக இருந்தால் வாங்கியிருக்கமாட்டேன். நீ?

நம் கல்லூரி விழாவில் இதை மேடையில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு உன் தொண்டை இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் டிரம்ஸை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு நானே பாடப்போகிறேன். முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைத்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். நான் அழமாட்டேன் கயல். நீ பாடியது போலவே, கொஞ்சமும் குறைக்காமல், கோபமாகப் பாடுவேன்.

உன் அண்ணனைக் கட்டுவதற்கு முன்பே உனக்குக் கூட்டாளியாகிப்போன,
உன் மதினி வசந்தி