வாசிப்பறையின் ஒன்பது மணி விளக்கு

செப்டம்பர் 2, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன். யாரும் கேட்காத சத்தியம்தான். ஆனாலும் பென்சிலால் எழுதாமல் பேனாவால் எழுதியிருக்கிறேன்.

முதல் செய்தி: எங்களோடு இருக்கும் சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முழங்கைவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை.

செப்டம்பர் 4, புதன்

சித்தியின் வேலை என்னவென்று இன்றுதான் சரியாகப் புரிந்தது. நகரத்தின் ஒன்பது நூலகங்களில் எந்த அறை விளக்கு எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதெல்லாம் ஒரு பட்டியலாக எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது இவள்.

“எங்க இருக்கு சித்தி அந்தப் பட்டியல்?”

“மேகத்துல.”

“நெஜமாவா?”

“அடுத்தவங்க கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்கு வெச்ச செல்லப் பேருடீ. மழையெல்லாம் பெய்யாது.”

அதை மாற்றுவதற்குப் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஏற்காது. காபியோடு வந்த அம்மா எட்டிப் பார்த்து, “உங்க கணக்கு வாத்தியார் மாதிரியே இருக்கே” என்றாள்.

எதையும் இரண்டு படியாகத்தான் செய்ய வேண்டுமாம். முதலில் ‘காட்டு’. எது போகும், எது வரும் என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். உண்மையில் எதுவும் மாறாது. சித்தி அதைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பாள். பிறகுதான் ‘போடு’.

இடது கையால் ஒரு வரி தட்ட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. நான் தட்டட்டுமா என்று கேட்டேன்.

“ஆபீஸ்ல தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க. அடுத்த மாசம்தான் என் வேலையை நிரந்தரமாக்கறாங்க… சரி, உக்காரு. நான் சொல்றதை மட்டும் தட்டு. ஒரு எழுத்துகூட உன் சொந்தச் சரக்கு வேண்டாம்.”

செப்டம்பர் 6, வெள்ளி

நூலகத்தில் எல்லா அறைகளும் ஏழு மணிக்கு இருண்டுவிடும். வாசிப்பறை மட்டும் ஒன்பதுவரை. அங்கே என் எதிர் நாற்காலியில் தினமும் ஒரு அக்கா உட்காருகிறாள். நர்ஸ் படிப்பு. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடாம், அங்கே படிக்க முடியாதாம். பத்தொன்பதாம் தேதி தேர்வு.

‘உங்க தலைக்கு மேல எரியிறது எங்க பட்டியல்ல ஒரு வரி’ என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. ஆனால் கர்வமாக இருந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்?

செப்டம்பர் 7, சனி

இன்று பதினொரு கட்டளைகள். ஒரு பிழை இல்லை.

செப்டம்பர் 11, புதன்

நூலகத்துக்குக் கிளம்புமுன் அவசரமாக எழுதுகிறேன். இன்று சித்திக்குச் சொல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்தேன்.

ஒரு கிளையில் சிறுவர் அறை புதிதாகத் திறக்கிறார்கள். பட்டியலில் அதற்கு ஒரு வரி சேர்த்தோம். ‘காட்டு’ கொடுத்ததும் பச்சையில் ஒரே ஒரு வரி வந்தது. சித்தி படித்துத் தலையாட்டினாள். அதற்குள் டாக்டர் வீட்டிலிருந்து போன். பால்கனிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் பட்டியலை முழுதாகப் பார்த்தேன். என்ன அலங்கோலம்! வாசிப்பறை முதலில், அடுத்து காவலாளி அறை, ‘எல்லா அறைகளும்’ என்ற வரி கடைசியில். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் புத்தகம் அடுக்கித்தருகிற எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஆங்கில எழுத்து வரிசைப்படி அழகாக அடுக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் ‘ஆல்’ என்று தொடங்குவதால் கடைசி வரி முதலிடத்துக்கு வந்தது. எதையும் அழிக்கவில்லை, இடம்தான் மாற்றினேன்.

சித்தி போனைக் காதில் வைத்தபடியே கதவருகில் வந்து, “ம், போடு” என்றாள். போட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்று எழுதியது பொய். பேனாவால் எழுதிய பொய்.

புதன்கிழமை சரியாக ஏழு மணிக்கு வாசிப்பறை இருண்டது. யாரோ “ஐயோ” என்றார்கள். ஒரு நாற்காலி விழுந்தது. வெளியே காவலாளி, “என் ரூமும் போச்சேம்மா! இனி நான் யாரைக் காவல் காக்கிறது, இருட்டையா?” என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த நர்ஸ் படிப்பு அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் ஒரு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு போனும் அணைந்துவிட்டது.

ஒன்பது நூலகங்களிலும் இதே கதி. ஏழே முக்காலுக்கு சித்தியின் அலுவலகத்தில் யாரோ பழைய பட்டியலைத் திருப்பி வைத்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. அதற்குள் அந்த அக்கா போய்விட்டாள்.

காரணத்தைச் சித்தி அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். அந்தப் பட்டியலை இயந்திரம் மேலிருந்து கீழே படிக்குமாம். ஓர் அறைக்குப் பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுமாம். ‘எல்லா அறைகளும், ஏழு மணி’ மேலே வந்துவிட்டால் கீழே வாசிப்பறைக்கு எழுதிய ஒன்பதை அது பார்க்கவே பார்க்காது.

அது அலங்கோலம் இல்லை. அதுதான் ஒழுங்கு. எனக்குத்தான் தெரியவில்லை — தெரியாது என்றால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? ஏன் இருக்கவில்லை? யார் கேட்டார்கள் என்னை?

சித்தி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் மேலாளருக்கு விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சித்தி இடது கையால் கடிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ‘என் கவனக்குறைவால்’ என்பதுவரை வந்திருந்தது.

“சித்தி, வரிசையை மாத்தினது நான்.”

அவள் நிமிரவே இல்லை. “எப்போ? காட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி. நீ போன் பேசப் போனப்ப.”

“தெரியும். எது எங்க மாறிச்சுன்னு அதுல வரலாறே இருக்கு. எழுத்து வரிசையில அடுக்குற கை இந்த வீட்ல ஒண்ணுதானே இருக்கு?”

“அப்ப ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டா உண்மையைச் சொல்லிடுவ. நீ சொன்னா, அதை நான் கடிதத்துல எழுதணும்.”

சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு நல்லதா? நான் நல்லவளாக இருக்க அவள் வேலை போக வேண்டுமா? “நான் சொல்லாத மாதிரி வெச்சுக்க சித்தி” என்று அழுதேன்.

“பழைய பதிப்புக்குத் திருப்புறதெல்லாம் கம்ப்யூட்டர்லதாண்டி. மூக்கைத் துடைச்சுட்டு வா. இதான் கடைசியா நீ தட்டுறது.”

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: ‘அன்று என் கணினியில் தட்டியவள் என் அக்கா மகள். உட்காரவைத்தது நான். போடுமுன் மறுபடி பார்க்காததும் நான்.’ ஒரு எழுத்துகூட என் சொந்தச் சரக்கு இல்லை. என் பெயரையும் போட்டு, பக்கத்தில் ‘பிழை’ என்று சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, “உன்னை வேலைக்கு வெச்சது யாரு, பேர் போட?” என்றாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மேலாளர் சித்தியை முக்கால் மணி நேரம் போனில் வைத்திருந்தார். வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. மருத்துவ விடுப்பில் போகாமல் வேலை செய்ததற்கும் திட்டாம். நாளையிலிருந்து இரண்டு வாரம் கட்டாய விடுப்பு.

அம்மா என்னிடம் மூன்று மணி நேரம் பேசவில்லை. பிறகு, “சாப்பிட வா” என்றாள்.

செப்டம்பர் 18, புதன்

மேலாளர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாராம்: “காட்டாத ஒண்ணை அது ஏன் போட்டுச்சு?” சித்தி காலையிலிருந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று அந்த அக்காவுக்குத் தேர்வு. நூலகத்துக்குப் போக தைரியம் வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். சித்தியின் கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டியது. “அங்கயே நில்லு. தொடாத.”

‘காட்டு’ கொடுத்தாள். பிறகு வேண்டுமென்றே இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். ‘போடு’ கொடுத்தாள். போடவில்லை. காட்டியது வேறு, இது வேறு, மறுபடி காட்டு என்று நின்றுவிட்டது. விடுப்பு முடிந்த பிறகு இடது கையாலேயே அதைச் செய்து முடித்திருக்கிறாள்.

“இதுக்குப் பேர் என்ன சித்தி?”

“ஆபீஸ்ல ஏதோ நீளமா ஒரு பேர். எனக்கு உன் பேர்தான்.”

மாலையில் நூலகத்துக்குப் போனேன். அந்த அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், முழுவதும். என்னை உற்றுப் பார்த்தாள்.

“நீயா அது? அன்னைக்கு விட்டுப்போன பாடத்துல ஒரு கேள்விகூட வரல. பொழைச்ச போ” என்றாள். பிறகு தன் புத்தகத்தைத் தள்ளி மேசையில் எனக்கு இடம் விட்டாள்.

ஏழு மணிக்கு மற்ற அறைகள் இருண்டன. நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம். ஒன்பதுக்குக் கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக விளக்குகள் அணைந்தன.