இத்துடன் ஒரு சாண் ஒயர்

அன்பு மகள் லாரிசாவுக்கு,

யார்க்டனிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். வழக்கமாக யோசிக்காமல் எழுதுகிற வரி, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் முதுகுவலி தேவலையா. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள், இது அவளுக்குத் தெரியக் கூடாது.

நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் புது கேஸ் ஃபர்னஸ் மாட்டிய அன்று நீ என்னிடம் வாங்கிய சத்தியம் ஞாபகம் இருக்கும். "மாசம் ஒரு தடவை ஃபில்டரை மாத்துங்கப்பா, அதோட நிறுத்திக்குங்க, ஃபர்னஸோட முன்கதவைத் திறக்கவே திறக்காதீங்க" என்றாய். நாற்பது வருஷம் டிராக்டரைப் பிரித்துப் பூட்டியவனுக்கு ஃபில்டர் மாற்றும் உத்தியோகமா என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஆனாலும் தவறாமல் மாற்றினேன். முதல் மாதம் அம்புக்குறி பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டேன், அதை அம்மாதான் கண்டுபிடித்தாள், அது கிடக்கட்டும்.

ஜனவரியில், பழைய காலண்டர்படி வரும் நம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. உடனே என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது, ஆபத்தே அங்கேதான். என் அப்பா பண்ணைவீட்டுச் சுவரோடு பனியை அணைத்துக் கட்டுவார், வாடைக்காற்று உள்ளே வராது. நானும் வடக்குச் சுவர் நெடுக இடுப்பளவு பனியை அள்ளிப்போட்டு, தட்டி, சுவருக்குச் சிமென்ட் பூசினது போல வழித்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். பழைய ஃபர்னஸின் புகை கூரை வழியாகப் போகும். புதுசுக்கு அதே வடக்குச் சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைக் குழாய்கள், காற்று வர ஒன்று, புகை போக ஒன்று. அவற்றையும் சேர்த்துத்தான் பூசியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வீடு சில்லிட்டுவிட்டது. ஃபர்னஸ் உறுமும், பற்றவைக்கப் பார்க்கும், நின்றுவிடும். அம்மா கோட்டுக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு அடுப்படியில் பெரோஹிக் கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தாள். "யாராவது ஆளைக் கூப்பிடுங்களேன்" என்றாள். "ஆள் எதுக்கு, நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, உன் சத்தியத்தையும் மீறிக் கதவைத் திறந்தேன். உள்ளே வட்டமாக ஒரு சின்ன சுவிட்ச், அதுதான் வழிவிட மாட்டேன் என்கிறது என்று கண்டுபிடித்தேன். டிராக்டரில் சீட்டுக்கடியிலும் இப்படி ஒரு சுவிட்ச் வம்பு பண்ணும், குறுக்கே ஒரு துண்டு ஒயரைப் போட்டால் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓடும், இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். ஒரு சாண் ஒயரை வெட்டி, இரண்டு முனையையும் சீவி, விசிலடித்துக்கொண்டே குனிந்தேன். ஒரு முனையை மாட்டியும் விட்டேன்.

அப்போதுதான் மேலே கதவைத் தட்டும் சத்தம். வடக்குப் பக்கத்து வீட்டு டோரீன், இரவு உடுப்பும் பனி பூட்ஸுமாக வந்து நிற்கிறாள். "ஓரெஸ்ட், தெருவுல எல்லா வீட்டுச் சுவர்லயும் வெள்ளையா புகை போகுது, உங்க வீட்டுல மட்டும் காணோம். இருக்கீங்களா இல்லையான்னு பார்க்க வந்தேன்" என்றாள். குழாயைக் காட்டலாம் என்று வெளியே கூட்டிப்போனேன், காட்டக் குழாய் இல்லை. அவள்தான் முதலில் மண்வெட்டியை எடுத்தாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். அவர் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சுவிட்ச் சரியாத்தான் இருக்கு சார். புகை வெளிய போக வழியில்லன்னுதான் நிறுத்தியிருக்கு. மறுமுனையையும் மாட்டியிருந்தா அத்தனை விஷப்புகையும் வீட்டுக்குள்ள வந்திருக்கும், வாசனைகூடத் தெரியாது" என்றார் மெதுவாக. அந்த நேரம் மேலே அம்மா அவருக்கும் சேர்த்துப் பெரோஹி வேகவைத்துக்கொண்டிருந்தாள். என் முட்டாள்தனத்துக்கு நான் போயிருந்தால் போகட்டும், லாரிசா. அவள் மேலே நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உப்பு அதிகமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், அதற்கு வேறு திட்டு வாங்கினேன்.

இப்போது தினமும் காலையில் குழாயைச் சுற்றிப் பனியை ஒதுக்குகிறேன். டோரீன் வீட்டுப் புகையை நான் பார்க்கிறேன், எங்கள் வீட்டுப் புகையை அவள் பார்க்கிறாள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முதுகை வளைத்துக் கனமான எதையும் தூக்காதே. கடிதத்தோடு அந்த ஒயரையும் வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள். இனிமேல் போனில் "எனக்குத் தெரியாதா" என்று நான் ஆரம்பித்தால், சண்டை போடாதே. ஒயர் உன்னிடம்தான் இருக்கிறது என்று மட்டும் சொல், நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஃபில்டர் மாற்றும் உத்தியோகத்தில் இருக்கும்
உன் அப்பா ஓரெஸ்ட்