பார்த்துப் பார்த்து வரைந்தது

அன்புள்ளவளே,

இன்று காலை சாரம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையை நகல் எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் நீட்டிய தாள் இன்னும் சூடாக இருந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவர் "கொஞ்சம் நவுருங்கம்மா" என்று சொல்லும்வரை தாளை முகர்ந்துகொண்டே நின்றிருக்கிறேன். நீ பார்த்திருந்தால் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

லாஸ்பேட்டை ஆபீஸில் நமக்கு அடுத்தடுத்த மேசை. நாற்பதைத் தாண்டிய பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் படம் வரையும் பைத்தியம் பிடித்தது. சொல்லித்தர ஆளில்லை. பெரிய ஓவியர்கள் வரைந்ததைப் பார்த்து அப்படியே வரைவோம், கை தானாகப் படியும் என்றாய். நூலகத்தில் ஓவியப் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்பதால் பிடித்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்கும் நான் சமையலை முடித்து ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே படத்தை இருவரும் வரைவோம்.

ஆபீஸில் நமக்கு 'ஜெராக்ஸ் அக்காங்க' என்று பெயர் வைத்தார்கள். "மிஷின் ஒரு நிமிஷத்துல குடுக்குறத நீங்க மாசக்கணக்கா உக்காந்து வரையிறீங்களேக்கா" என்று ஒருவன் கேட்டான். "எவ்ளோ காப்பி எடுத்துச்சு அந்த மிஷின், அதுக்கு வரையத் தெரிஞ்சிடுச்சா?" என்று நீ திருப்பிக் கேட்டாய்.

நான் பென்சிலை ஊன்றி அழுத்துகிறவள். "தூஸ்மான், தூஸ்மான்" என்று என் மணிக்கட்டைத் தட்டுவாய். உன் தாத்தா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து உங்கள் வீட்டில் மெதுவாக என்பதற்கு அதுதான் வார்த்தை. அப்படிச் சொல்கிற நீ மகா அவசரக்காரி. நீ வரைந்த ஐரோப்பிய ராஜாக்கள் எல்லோருக்கும் உன் வீட்டுக்காரர் முகம்தான் வரும். அவரும் டீ கொண்டுவந்து வைக்கும்போது எட்டிப் பார்த்து, "இவரும் நான்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

தொப்பி போட்ட அந்த வெள்ளைக்காரப் பெண்ணை மறந்திருக்கமாட்டாய். இரண்டு மாதம் அவளோடு மல்லுக்கட்டினேன். கண்ணிமையின் கீழே கோடே போடாமல் வெறும் நிழலாலேயே இமையைக் காட்டியிருந்தார் அந்த ஓவியர். அது பிடிபடவே பல ஞாயிறுகள் ஆயின. கன்னத்தில் இருந்த மச்சத்தைக்கூட விடாமல் வைத்தேன். பிறகு நூலகத்தில் அந்தப் புத்தகத்தை மறுபடி திறந்தால் அவள் கன்னம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறது! மச்சம் ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியில் இருந்த அழுக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ சிரித்துச் சிரித்து நூலகரிடம் திட்டு வாங்கினாய். "இருக்கட்டும்டி, அவளுக்கும் ஒரு அதிர்ஷ்டம் வரட்டும். இல்லாததக்கூட எவ்ளோ ஒழுங்கா பாத்திருக்க பாரு" என்றாய்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது உனக்குத் தெரியும். எதிரே ஒரு படம் இருந்தால் கை ஓடும். அதை எடுத்துவிட்டால் வெள்ளைத்தாள் என்னை முறைக்கும். ஒரு வாழைமரம்கூட வராது. கடைசிவரை இன்னொருவர் கோட்டின் மேலேயே நடந்து போய்விடுவேனோ என்று உன்னிடம் புலம்பியிருக்கிறேன். அதற்கு மட்டும் நீ கேலி செய்ததில்லை.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. இனிக் கொடுக்கப்போகும் மருந்தில் முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்ன வாரமே கூப்பிட்டனுப்பினாய்.

"என்ன வரைடி. முடி இருக்குறப்பவே வரைஞ்சிடு."

"நல்ல போட்டோ ஒண்ணு குடு, பாத்து வரையிறேன்."

"போட்டோவுல நான் என்னைக்குக் கண்ணத் தொறந்திருக்கேன்? என்னப் பாத்து வரை."

"எனக்கு ஒரிஜினல் வேணும், தெரியாதா உனக்கு?"

"அடி லூசு, நான்தான்டி ஒரிஜினல்."

பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நீ ஒரு நிமிடம் சும்மா இருந்தாயா! முதலில் வரைந்த இரண்டும் மரப்பாச்சி மாதிரி வந்தன. "ஆடாம இரு" என்று கத்தினேன். "ஆடாம இருக்க நான் இன்னா படமா?" என்று நீயும் கத்தினாய். மூன்றாவது முறை ஒன்று செய்தேன். நீ என் தோழி, உனக்கு நோய் என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, புத்தகத்துப் பக்கத்தைப் பார்க்கிற மாதிரி உன்னைப் பார்த்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம், எந்தப் புருவம் உயரம், வாய் எந்தப் பக்கம் இழுக்கிறது. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் உன் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. இமையின் கீழே கோடு போடாமல் நிழலை மட்டும் விட்டேன். தொப்பிக்காரி தந்தது அது.

படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாய். "யாரப் பாத்துடி காப்பி அடிச்ச, இவ்ளோ அழகா இருக்கா?" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டினார். இப்போதும் சில ஞாயிறுகளில் போகிறேன், டீ தருகிறார். வீட்டில் நான் பார்த்து வரைவதையும் விடவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அதற்குத்தான் இந்த மடல். நெருங்கியவர்கள் முகம் நாளாக ஆக மங்கிப்போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. இன்று கடையிலிருந்து வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். எதிரே புத்தகமோ போட்டோவோ எதுவும் இல்லை. மேலுதட்டில் தொடங்கினேன், கை தன் பாட்டுக்குப் போனது. அழுத்தாமல், நிறுத்தாமல் போனது. முடித்து நிமிர்ந்தபோது நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எதையும் பார்க்காமல் நான் வரைந்த முதல் படம் நீதானடி.