வளைக்கும்போது வந்த சத்தம்

மார்ச் 3, திங்கள்
ஹேவ்லாக் ஊருக்குப் போன என் கணவன் ரீகன் நான்கு ப்ளைவுட் ஷீட்டோடு வந்திருக்கிறான். நாலு மில்லிமீட்டர் தடிமன். படகுக்கென்று முத்திரை குத்தியது இல்லை, சுவருக்கு அடிக்கிற ரகம். “ரெண்டுலயும் பசை ஒண்ணுதான், ஜூட்,” என்கிறான். இந்தக் குடாவுக்குச் சாலை கிடையாது. பழைய படகு உளுத்ததிலிருந்து பக்கத்து வீட்டு டெஸ் படகில் ஒட்டிக்கொண்டு போகிறோம். இனி இவன் கட்டும் படகில்தான் எங்கள் மகள் ஃப்ரேயா எதிர்க்கரை மழலையர் கூடத்துக்குப் போகவேண்டும். இரண்டரை வயது.

மார்ச் 5
ஒரு துண்டை அறுத்துக் கொதிக்க வைப்பார்கள் இங்கே. அடுக்கு பிரிந்தால் பசை மட்டம். ரீகன் செய்யவில்லை. நான் செய்தேன், ஜாம் பாத்திரத்தில், மூன்று மணி நேரம். மாமியார் நோலீன் எட்டிப் பார்த்தார்.
“மத்த வீட்டுல பிளம்ஸ் கொதிக்குது. உங்க வீட்டுல பலகையா? உப்பு போட்டியா?”
பிரியவில்லை. பிரியவேண்டும் என்று நான் காத்திருந்தேன் — அதுவே இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 15, சனி
படகின் முன்பக்கப் பலகையை வளைத்தோம். பழைய டவலைப் போர்த்தி நான் வெந்நீர் ஊற்ற, ரீகன் அங்குலம் அங்குலமாக இழுத்தான். பாதி வளைவில் உள்ளிருந்து ‘டிக்’. ஒரே தடவை.
“கேட்டியா?”
“என்னத்தை?”
“உள்ள ஏதோ விட்டுப்போச்சு. நடு அடுக்குல இடைவெளி இருந்தா அங்கதான் மடங்கும்.”
“வளையுற மரம் முனகத்தான் செய்யும். பாப்பா தும்மினாலே நிமோனியாங்கற ஆளு நீ.”
உண்மைதான். நான் பயப்படாத விஷயம் ஒன்றாவது இருந்திருந்தால் இதை நம்பியிருப்பான். கொதிக்க வைத்தால் பசைதான் தெரியும், ஓட்டை தெரியாது — எப்படிச் சொல்ல?

மார்ச் 22
பெயிண்ட் அடித்துவிட்டான். இனி யாருக்கும் எதுவும் தெரியாது.

ஏப்ரல் 5, சனி
படகைத் தண்ணீரில் இறக்கினான். ஃப்ரேயாவை முன்னால் உட்கார வைத்தான். “வேண்டாம்” என்று சொன்னேன். நோலீன் சிரித்தார். “லைஃப் ஜாக்கெட்ல பிள்ளையே தெரியல, இன்னும் என்னம்மா?” அப்பாவும் மகளும் போய்விட்டார்கள். துறையில் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.
திரும்பி வந்தார்கள். ஃப்ரேயாவின் இடது காலுறை ஈரம்.
“தெறிச்சிருக்கும்,” என்றான் ரீகன்.
இன்று ஒரு அலைகூட இல்லை. நான் ஏன் அதைச் சொல்லவில்லை?

ஏப்ரல் 6, ஞாயிறு
காலையில் ரம்பச் சத்தம். போய்ப் பார்த்தால் முன்பலகையை அறுத்து எடுத்துவிட்டான். என்னிடம் நீட்டினான். நடு அடுக்கில் பென்சில் அகலத்துக்குச் சந்து, அதில் கறுப்பாக ஈரம்.
பிறகு மிச்சமிருந்த ஷீட்டை மேசைமேல் போட்டான்.
“நான் தட்டறேன். நீ கேட்டுச் சொல்லு. என் காதுல எனக்குப் பிடிச்சதுதான் விழுது.”
மூன்று இடத்தில் உள்ளே வெற்றாகக் கேட்டது. சொன்னேன். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டான், எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.
மாலையில் அவனே டெஸ்ஸுக்குப் போன் செய்தான். செவ்வாய்க்கிழமை படகில் ஃப்ரேயாவுக்கு இடம் இருக்குமா என்று கேட்டான்.