வணங்காத இடது கால்

அண்ணே,

இன்று காலை என் அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இப்போது நடக்கப் பழகுகிறாள். பயிற்சி அறையில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவள் மூச்சு வாங்கி நின்றபோது, துணைக்கு நானும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு முகத்தைத் துடைக்கப் போனால் உள்ளங்கையில் இரும்பு வாடை. வருஷக்கணக்காக பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிய கண்டக்டர் கைக்கு அது பழகிய வாடைதான். ஆனால் நினைவுக்கு வந்தது பஸ் இல்லை. அதே அறையில், அதே கம்பிகளுக்கு நடுவே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நீங்கள்.

நாம் இருவரும் பீடோர் பக்கத்து ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். நீங்கள் முன்னால் வெளியேறி டிரைவர் ஆனீர்கள். பின்னால் என்னையும் இழுத்து வந்து அதே பஸ்ஸில் கண்டக்டராக ஏற்றிவிட்டீர்கள். ஈப்போவில் கிளம்பி கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர். திரும்ப அதே வழி. தோட்டத்து முனைகளில் பிள்ளையும் மூட்டையுமாக யாராவது ஓடி வந்தால் நீங்கள் காத்திருப்பீர்கள். மணியடிக்கிற என்னைத்தான் திட்டுவீர்கள். "வரட்டும்லா. அவங்களுக்கு இத விட்டா வேற பஸ்ஸு ஏது?"

இடுப்பு வலி எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் சொன்னதில்லை. இடது காலைக் கையால் தூக்கி சீட்டுக்குள் வைப்பதை ஒரு நாள் பார்த்தேன். சீட்டு சரியில்லை என்றீர்கள். பிறகு வலி மாத்திரை. கடைசியில் தாப்பாவில் சீட்டை விட்டு இறங்கவே முடியாமல் போனது. தொடை எலும்பின் தலை தேய்ந்து உளுத்துவிட்டது, எடுத்துவிட்டு இரும்பில் மூட்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். எண்பதுகளின் தொடக்கம் அது. இடுப்புக்கு இரும்பு வைப்பார்கள் என்று நம் ஆட்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அண்ணி அழுதார். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "திரும்ப பஸ்ஸு ஓட்டலாமா டாக்டர்?"

பார்க்கலாம் என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனீர்கள்.

பயிற்சி கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். கண்டிப்பானவர். "அண்ணை, தரையிலை இருக்கக்கூடாது. குந்தவே கூடாது. காலுக்கு மேலை கால் போடாதேங்கோ, மூட்டு கழண்டுபோம்" என்றார்.

"சம்மணம் போடாம எப்புடி மிஸ்ஸி சோறு திங்கறது?"

"கதிரையிலை இருந்து சாப்பிடுங்கோ" என்று நாற்காலியைக் காட்டினார்.

சோறு பெரிய விஷயமாக இல்லை. ஈப்போ புந்தோங்கில் உங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் இருந்தது குந்தி உட்காரும் கக்கூஸ். நான் ஒரு மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தேன். அதைப் பார்த்ததும் உங்கள் முகம் செத்துப்போனது. ஆபரேஷன் வலிக்குக்கூட நீங்கள் அப்படி ஆகவில்லை. அண்ணி அதை எடுத்துப்போய்ப் பின்னால் வைத்து, சுற்றி ஒரு பழைய கைலியைத் தொங்கவிட்டார்.

ஆனாலும் விடவில்லை நீங்கள். படுத்தபடி காலைத் தூக்கினீர்கள். கைத்தடியோடு முனைக் காப்பிக்கடை வரை, பிறகு அதையும் தாண்டி. டயர் டியூபைக் கிழித்துக் கட்டில் காலில் கட்டி, இடது பாதத்தால் அதைத் தள்ளித் தள்ளி விட்டது உங்கள் சொந்த வைத்தியம். வேலை முடிந்து நான் வரும்போது வேர்த்து ஒழுகக் கிடப்பீர்கள். "கிளச்சு அடிச்சுப் பாக்கறேன்டா. வருது, பாரு. வருதுல்ல?" வருது அண்ணே என்பேன். நிஜமாகவே வந்தது. தடியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்த அன்று டிரைவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அன்றைக்கு நானும் நம்பினேன்.

டெப்போவில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். காலியான பஸ், காலியான முற்றம். நான் படியில் நின்றேன். சீனக்கார சூப்பர்வைசர் கைகட்டி ஓரமாக நின்றார். நல்ல மனுஷன், உங்களுக்காக மேலிடத்தில் பேசி வாங்கிய வாய்ப்பு அது. கிளப்பினீர்கள். முதல் சுற்று வெண்ணெய் மாதிரி போனது. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அடுத்த சுற்றில் கியர் மாற்றுகிற இடத்தில் கால் இறங்கவில்லை. கையால் தொடையை அமுக்கினீர்கள். அப்படியும் வணங்கவில்லை. பஸ் குலுங்கி, முனகி, சுவருக்குக் கொஞ்சம் முன்னால் செத்து நின்றது.

சூப்பர்வைசர் மெதுவாகத்தான் வந்தார். "சுடா லா, அண்ணே" என்றார் மலாயில். போதும் என்று. அதட்டலாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பீர்கள்.

"நீ எறங்குடா. நா கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."

நான் இறங்கி முற்றத்தில் நின்றேன். நீங்கள் ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

டெப்போ வாசலில் ஜாகா வேலை கொடுத்தார்கள். போகிற பஸ்ஸுக்கும் வருகிற பஸ்ஸுக்கும் கேட்டைத் திறந்துவிடுகிற காவல் வேலை. கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டீர்கள். ஒரு முறை வற்புறுத்தி உங்களை பீடோர் வரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். புது டிரைவர் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் உங்கள் இடது பாதம் தரையை அமுக்கியது. நம் தோட்டத்து முனையில் ரப்பர் மரங்களைச் சாய்த்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. திரும்பி வரும்போது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

பயிற்சி நின்றது. உடம்பு போட்டது. மூட்டு ஆட்டம் கண்டு மறுபடி வலி. இன்னொரு ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்றார்கள். பயிற்சி கொடுத்த யாழ்ப்பாணத்து அம்மா வீடு தேடி வந்து கெஞ்சினார். நீங்கள் அவரை மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுக்கச் சொல்லி, பிறகு கேட்டீர்கள்.

"நடந்து எங்க போவணும் மிஸ்ஸி?"

அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

பிறகு கட்டில்தான். சாப்பாடு இறங்கவில்லை, போட்ட உடம்பு வற்றியது. நெஞ்சில் சளி கட்டியது. கடைசி முறை நான் வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் உட்காரவேண்டும் என்றீர்கள். உங்கள் கையை என் கழுத்தில் போட்டு, ஒரு பக்கம் அண்ணி பிடிக்க, தூக்கினேன். பாரத்துக்குத் தயாராகக் காலை ஊன்றியிருந்த நான் தடுமாறிப்போனேன். அவ்வளவு லேசாக இருந்தீர்கள்.

"மெல்லமா லா" என்றீர்கள் என் காதோரம். "ஸ்டாண்டிங் பேசஞ்சரு இருக்கு."

அண்ணி சிரித்துவிட்டார். பல மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. மழையைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரத்தில், போதும், படுக்கவை என்றீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இன்று பயிற்சி முடிந்து டாக்சிக்கு நடக்கையில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நா பழையபடி நடந்துருவேன்லடா?" பிள்ளை என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னேன். அவள் கை என் வலது தோளில் இருந்தது. இடது தோளில் உங்கள் கை. எடை இல்லாத அந்தக் கையை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை அண்ணே. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.