மச்சான் தோப்பில் இருக்கும் கூடு

ஆனி 14, சனி

போன வாரம் அணில் பாதுகாப்புச் சங்கத்துக்காகப் பேசிய வீடியோவில் மச்சானைக் கிண்டல் செய்தேன். "கூமாப்பட்டியிலேயே பெரிய கஞ்சன் எங்க மச்சான்தான். வந்தவனுக்கு ஒரு மாங்காய் தரமாட்டான். அவன் தோப்புல சாம்பல் அணில் குட்டி போட்டு ஓசியில திங்குது" என்றேன். கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. பேச்சுவாக்கில் மறந்துவிட்டேன்.

சங்கத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வித்யா என்ற பிள்ளை அன்றைக்கே அந்த வீடியோவை அழித்தது. "ஆனா இது ஒரே முதலாளி வச்சிருக்க தளம் இல்ல அண்ணாச்சி. ஆளுக்கொரு சர்வர். அம்புட்டு இடத்துக்கும் நகல் போயிருச்சு. நாம அழிச்சாலும் அவங்க அழிக்கணும்ல?" என்றது. சங்கத்துக்கு ஆள் சேரட்டும் என்றுதான் என்னைப் பேசவே சொன்னார்கள்.

இன்று ஆள் சேர்ந்திருந்தது. தோப்பில் நான்கு பேர் கேமராவோடு கூட்டுக்கு நேர் கீழே நின்றார்கள். தாய் அணில் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருந்தது, கூட்டுக்குப் போகவில்லை. உள்ளே குட்டி கத்திக்கொண்டே இருந்தது. அவர்களை விரட்டத்தான் போனேன்.

"அண்ணே, மச்சான் வீடியோல பேசுனது நீங்கதானே? எம்புட்டு தடவை பாத்தோம் தெரியுமா! ஒரு செல்பிண்ணே" என்று ஒருவன் தோளில் கை போட்டான்.

பாழாய்ப்போன வாய், பல்லைக் காட்டிச் சிரித்துக் கொடுத்தது.