திறப்பைப் பறித்த நாள்

இன்று காலை இடியப்ப உரலைத் தேடி ஷெட்டுக்குள் போனேன். கையில் அகப்பட்டதோ, பழைய சாரத்துண்டில் நீங்கள் சுற்றி வைத்த கார் டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் பாதி. துண்டைப் பிரித்ததும் எண்ணெயும் கரியும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. வேலை முடிந்து நீங்கள் கதவைத் திறக்கும்போது வருகிற மணம். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது என்று உங்களை எத்தனை நாள் ஏசியிருப்பேன். இன்று அதை மூக்கோடு வைத்துக்கொண்டு ஷெட் வாசலிலேயே இருந்துவிட்டேன். இடியப்பம் அவிக்கவில்லை.

சட்டனில் இருக்கும் நம் வீட்டு வாசலில் அந்தக் கடுகு நிறக் கார் வந்து நின்ற அன்று நான் உங்களோடு பேசவில்லை, நினைவிருக்கிறதா? நம் கல்யாணத்தைவிட மூத்த கார். பஸ் டிப்போவில் நாள் முழுக்க டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டுவது உங்களுக்குப் போதவில்லை. மழை பெய்தால் அது ஸ்டார்ட் ஆகாது. லண்டனில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கிவிடும். நீங்கள் பொனட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, என்னுடைய ஹேர் டிரையரால் அதற்குக் காற்றுப் பிடிப்பீர்கள். நான் ஈரத் தலையோடு வேலைக்குப் போவேன்.

அந்த எரிச்சலில்தான் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவோம் என்றேன். ஒரே மூடிக்குள்ளிருந்து நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பங்கிடுவதை விட்டுவிட்டு, இந்தக் காலத்துக் கார்களைப் போல ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறி கிளப்பும் ஒரு கொயில். எந்த நேரத்தில் எதற்குப் பொறி என்பதை ஒரு சின்னக் கம்பியூட்டர்ப் பெட்டி பார்த்துக்கொள்ளும். பக்டரியில் சர்க்கியூட் பலகைகளுக்கு ஈயம் வைத்தும் சோதித்தும் பழகியவள் நான். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. நீங்கள் மீசையைத் தடவினீர்கள்.

"சரி. வயரிங் உம்மட, எஞ்சின் என்ர. ஒருத்தற்ற வேலையில மற்றவர் கை வைக்கிறேல்லை."

அதுவரை பொனட்டுக்குக் கீழே எனக்கு இருந்த ஒரே பதவி டோர்ச் லைட் பிடிப்பது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நம் சாப்பாட்டு மேசையில் சோறு வைக்க இடமில்லை. ஒவ்வொரு வயரிலும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன். நீங்கள் எஞ்சினின் முன்பக்கத்தில் பல்சக்கரத்தைப் பூட்டி, அது சுழல்வதைப் பார்க்கும் சென்சரையும் பக்கத்தில் வைத்தீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் தண்டோடு முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தத் துவாரத்தை என் பழைய சட்டி மூடியில் வெட்டிய தகட்டால் அடைத்தீர்கள். சட்டி மூடிக்கு என்னிடம் கேட்கவும் இல்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாவித் துவாரத்தில் திறப்பைப் போட்டு நீங்கள் திருப்பிய முதல் தரமே எஞ்சின் பிடித்துக்கொண்டது! நீங்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டீர்கள். எதிர்வீட்டுக் கிழவர்கூடக் குடையோடு வந்து நின்று பார்த்தார். அப்போதுதான் எண்ணெய்க்கான சிவப்பு லைட் அணையாமல் எரிவதைக் கண்டேன்.

"என்னப்பா, ஒயில் லைட் எரியுது. நிப்பாட்டுங்கோ."

"அது உம்மட வயரிங். எங்கயோ மாறிக் கொழுவிப்போட்டீர்."

"நான் அந்த வயரைத் தொடவே இல்லை. என்ர வேலை சரி. நிப்பாட்டுங்கோ எண்டுறன்."

"முப்பது வருசமா எஞ்சினோட கிடக்கிறவன் நான். எனக்குச் சொல்லித் தாறீரோ?"

ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. ஜன்னலுக்குள்ளால் கையை விட்டுத் திறப்பைத் திருப்பிப் பறித்துவிட்டேன். எஞ்சின் நின்றது. எதிர்வீட்டுக் கிழவர் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனீர்கள். அன்று நான் வைத்த மீன் குழம்பையும் தொடவில்லை.

மறுநாள் காலை, பட்டர் பூசிய பாண் துண்டைக் கடித்தபடி அப்படியே நிறுத்தினீர்கள். "ஐயோ, பம்ப்!" என்று செருப்பும் போடாமல் வெளியே ஓடினீர்கள். திரும்பி வந்து கதவருகில் நின்றீர்கள்.

"ஒயில் பம்பைச் சுத்துறதே அந்தத் தண்டுதான். அதையும் சேத்துக் கழட்டிப்போட்டன். எஞ்சினுக்குள்ள சொட்டு எண்ணெய் ஏறேல்லை. நீர் விட்டிருந்தா அதின்ர சீவன் போயிருக்கும்."

உங்கள் பஸ்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. அதற்குக் கீழே இன்னொரு வேலையும் நடக்கும் என்று முப்பது வருடமாக உங்களுக்கு நினைக்கத் தேவை வந்ததில்லை. அன்றே டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டாக அறுத்து, கீழ்ப் பாதியை மட்டும் பம்பைச் சுற்றுவதற்காகத் திரும்பப் பூட்டினீர்கள்.

பிறகு அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. விம்பிள்டன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் சொன்னீர்கள். "எஞ்சினைக் கொல்லப் பாத்தனான். திறப்பைப் பறிச்சுக் காப்பாத்தினவ இவ." நான் வெட்கத்தில், காணும் விடுங்கோ என்று கையைக் கிள்ளினால், "ஏன் விடுறது? பிழை விட்டது நான்தானே" என்பீர்கள். உண்மையில் எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரு நாளும் உங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் இன்று எழுத வேண்டியது அதுவல்ல. போன தை மாதத்துக் காலை. வெளியே உறைபனி, உங்கள் நெற்றியில் வியர்வை. படிக்கட்டில் குந்தியிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். அம்புலன்சுக்கு அடிக்கட்டோ என்று கேட்டேன்.

"சும்மா இரும். வாய்வு. நேற்றையான் கிழங்குக் கறி. இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தாரும்."

போன் என் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு இஞ்சி தட்டினேன். தேநீரோடு வந்தபோது நீங்கள் சுவரில் சாய்ந்திருந்தீர்கள். கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

உடனே போன் அடித்திருந்தாலும் காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மகளும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன். ஆனால் உங்கள் காருக்காகக் கேட்காத உங்கள் பேச்சை, உங்கள் உயிர் என்று வந்தபோது கேட்டுவிட்டேனே. இதை நான் யாரிடம் சொல்வது?

போன ஞாயிறு கிங்ஸ்பரியில் உங்கள் அண்ணை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு எழும்பியவர் சோபாவில் சரிந்து நெஞ்சைத் தடவினார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, வாய்வு" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் நான் போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கென்ன விசரே?" என்று கத்தினார். "ஏசுங்கோ அத்தான், எல்லாத்தையும் பிறகு கேக்கிறன்" என்றேன். அம்புலன்ஸ்காரர்கள் வந்து நெஞ்சில் வயர்களை ஒட்டி, தாளில் ஓடிய கோடுகளை இரண்டு தரம் பார்த்தார்கள். அத்தான் ஏவ் என்று நீளமாக ஒரு ஏவறை விட்டார். வாய்வுதான்.

"ஒரு ஏவறைக்கு அம்புலன்ஸ் பிடிச்ச ஆள்" என்று வீடே சிரித்தது. சிரிக்கட்டும். இனி யார் நெஞ்சைத் தடவினாலும் நான் அவருடைய பேச்சைக் கேட்கப் போவதில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுடையதும் வெறும் வாய்வாக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டு அழுதேன்.